தேதி போட்டாயிற்று

சட்டத்துறை அலுவலகத்தில் அவளைத் 'தேதியம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு நீதிபதிகளையும் மாவட்டங்களையும் பிரித்துக் கொடுத்திருப்பது சரிதானா என்று அவ்வப்போது மறு ஆய்வு செய்ய வேண்டும். அந்த ஆய்வுக் குழுவின் கூட்டத்துக்கு நாள் குறிப்பது அவள் வேலை. முடிவெடுப்பது மேலிடம்.

கூட்டம் கூடியபாடில்லை. குழுத் தலைவர் ஓய்வு பெற்றார். அடுத்தவர் வந்ததும் தேர்தல் குறுக்கிட்டது. தேர்தல் முடிந்தபோது புள்ளிவிவரம் பழசாகிவிட்டது என்றார்கள். வடக்கு நீதிமன்றத்தில் மதியத்துக்கெல்லாம் வேலை முடிந்து ஊழியர்கள் கொட்டாவி விட்டார்கள். தெற்கில் கோப்புகள் மாடிப்படி வரை அடுக்கிக் கிடந்தன.

அந்தக் குவியலில்தான் அவளுடைய அக்கா கணவரான அத்தானின் மேல்முறையீட்டு வழக்கும் இருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ரோப்பை மாற்றச் சொல்லி அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டும் கட்டட முதலாளி கேட்கவில்லை. ரோப் அறுந்து லிஃப்ட் விழுந்ததில் ஓர் ஆள் செத்துப்போனார். சிறைக்குப் போனது அத்தான்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா நடக்காதாடி?" என்றாள் அக்கா ஒருநாள்.

"வழக்கப் பத்தி நான் வாயத் திறக்கவே கூடாதுக்கா. கூட்டத்துக்குத் தேதி போடலாம். அவ்வளவுதான்."

"அப்ப அதையாவது போடேன்."

அது அவளுக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அவள் யாரையும் விடவில்லை. உறுப்பினர்களின் உதவியாளர்களிடம் நயமாகப் பேசினாள், கெஞ்சினாள், அறை வாசலில் கால்கடுக்க நின்றாள். கடைசியில் கூட்டம் கூடியது. தெற்கின் சில மாவட்டங்களை வடக்கோடு சேர்க்க முடிவாயிற்று. அத்தானின் மாவட்டமும் அதில் இருந்தது. ஒன்றாம் தேதி முதல் அமல்.

சந்தோஷமாக அக்காவை அழைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்: "ஏய், வக்கீல் இப்பதான் போன் பண்ணாரு! நம்ம கேசு விசாரணைக்கு வந்துடுச்சாம். ரெண்டாந்தேதி!"

ஒன்றாம் தேதியே அந்தக் கோப்பு தெற்கை விட்டுப் போய்விடும். போனை வைத்துவிட்டு நேராகச் செயலாளரின் அறைக்கு ஓடினாள்.

"ஏற்கெனவே தேதி குடுத்த கேசுகளையாவது அங்கயே முடிக்கச் சொல்லலாமே சார்?"

"உத்தரவு போயிடுச்சும்மா. கோப்பெல்லாம் வடக்க போய், சரிபார்த்து, புது நம்பர் போட்டு, அப்புறம்தான் விசாரணை." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"எங்க அத்தான்."

"அப்படின்னா இதோட விட்டுடுங்க. வெளிய தெரிஞ்சா ஆய்வே செல்லாதுன்னு எவனாவது வழக்குப் போடுவான். எல்லாருக்கும் தாமதமாகும்."

அவர் குரலில் கோபம் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதனால் அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை.

அக்காவிடம் அன்றே சொல்லிவிட்டாள். அக்கா அழவில்லை. "போடச் சொன்னது நான்தானே" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் இருவரும் சிறைக்குப் போனார்கள். கம்பிவலைக்குப் பின்னால் அத்தான் முகம் மழித்து, முடி வெட்டி நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"கோர்ட்டுக்குப் போட்டுக்க சட்டை கேட்டேனே, தேச்சு எடுத்துட்டு வந்தியா?" என்றார் அக்காவிடம்.

"ம்" என்றாள் அக்கா. பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக் காவலரிடம் நீட்டினாள்.

"நீளக் கைதானே?"

"நீளக் கைதான்."

தங்கை சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலையின் அந்தப் பக்கம் அத்தான் சட்டையை விரித்து, தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.