பன்னிரண்டடி தூரம்

"ஸ்டாண்ட விரிக்காதீங்க பாய், போட்டோ வேண்டாம்" என்றார் ஆரோக்கியதாஸ்.

திண்டுக்கல்லில் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு, காமிராப் பெட்டியோடு எரியோட்டில் பஸ் இறங்கி வந்திருந்த அக்பர் அலி, பாதி இழுத்த ஸ்டாண்டின் மரக்கால்களைப் பிடித்தபடி நின்றார். பந்தலுக்குள் நார்க்கட்டிலில் இஞ்ஞாசியம்மாள் கிடந்தாள். சேர்த்துக் கட்டிய கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தது. விடியற்காலையில் உயிர் பிரிந்தது. நாலு மணிக்கு அடக்கம்.

"ஆள் சொல்லி விட்டீங்களே? கடேசியா ஒண்ணு இருக்கட்டும்னு..."

"அது எந்தம்பி சொல்லி விட்டது. பொண்டாட்டியப் பொணமா எதுக்குங்க படம் எடுக்கணும்? உசுரோட சிரிச்சாப்ல எடுத்தது இருக்கு. எம் மச்சினன் எடுத்தது." ஆரோக்கியதாஸ் பவுல்ராஜின் பக்கம் திரும்பினார். "அத எப்ப மாப்ள கழுவி வாங்கலாம்?"

பவுல்ராஜ் இறந்தவளின் தம்பி. திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வாத்தியார்.

"வாங்கிரலாம் மச்சான்" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

ஐந்து வாரங்களுக்கு முன் இஞ்ஞாசியம்மாள் வைத்தியத்துக்காகத் திண்டுக்கல் வந்து அவன் வீட்டில் நாலு நாள் தங்கினாள். நெஞ்சில் கோளாறு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அந்த நாட்களில் பவுல்ராஜுக்கு வேறு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து ஜெர்மன் பாதிரிச் சாமியார் படிக்கக் கொடுத்த வெளிநாட்டுப் பத்திரிகையில், ஐப்பசியில் ஜெர்மனியில் வெளிவரப்போகும் ஒரு காமிராவைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. கைக்கடிகாரம்போல நுணுக்கமாகச் செய்தது. லென்ஸ் உள்ளே போய்விடும். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஊருக்குப் போகும் சாமியார், கிறிஸ்மஸுக்குத் திரும்பும்போது வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். வாங்கலாமா, வேண்டாமா என்று பவுல்ராஜ் தினமும் ஒரு நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தான். குறை என்று பட்டது ஒன்றுதான். அதில் தூரம் காட்டும் ஏற்பாடு கிடையாது. எதிரில் நிற்பவர் எத்தனை அடியில் நிற்கிறார் என்று கண்ணாலேயே மதிப்பிட்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். அது தனக்குக் கைவருமா என்று தெரிந்துவிட்டால் முடிவு செய்துவிடலாம்.

"அக்கா, செத்த நேரம் அந்தக் கெணத்துகிட்டப் போயி நில்லேன்" என்றான் ஒரு நாள் காலையில்.

அவள் உள்ளே போய் ஊதாப் பட்டுச் சேலையைக் கட்டி, பவுடர் பூசிக்கொண்டு வந்தாள். அவன் அப்போது அதைக்கூடக் கவனிக்கவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தான். பன்னிரண்டு அடி என்று தோன்றியது. டேப்பை இழுத்து அளந்தான். பன்னிரண்டேகால். சந்தோஷமாக இருந்தது. இன்னும் பின்னால் போகச் சொன்னான். பிறகு பக்கவாட்டில், பிறகு வேலியோரம். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு இடத்திலும் அவள் முந்தானையைச் சரிசெய்து, மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தாள். நடுவில் ஒரு தடவை கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட்டியா அப்பு?"

"எடுக்கலக்கா. அளவுதேன் பாத்தேன். புதுசு வரட்டும், அதுல எடுக்குறேன்."

"பழசு ஒண்ணு வச்சிருந்தியே?"

"அது டப்பாக்கா. அதுல எடுத்தா ஓம் மொகமே மங்கிப் போகும்."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் சேலை மாற்றப் போனாள். பழைய காமிரா அலமாரியில்தான் இருந்தது. இன்னும் நாலு படத்துக்குப் பிலிமும் இருந்தது.

எடுக்கவில்லை என்று தெரிந்தும் அவள் ஊருக்கு வந்து, தம்பி எடுத்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறாள்.

அக்பர் அலி மரக்கால்களை மடக்கிக் கட்டினார். "அப்ப பன்னெண்டு மணி பஸ்ஸப் புடிச்சிர்றேன்."

பவுல்ராஜ் பார்த்துக்கொண்டு நின்றான். கழுவும்போது பிலிம் கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வாரம் கழித்துச் சொன்னால் போதும். யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். மச்சான் அவனுக்கே ஆறுதல் சொன்னாலும் சொல்வார். அந்த ஆறுதலைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அக்பர் அலி தெருமுனையில் திரும்பிவிட்டார். பவுல்ராஜ் செருப்பில்லாமல் ஓடினான்.

அவரை அழைத்துக்கொண்டு வந்து ஆரோக்கியதாஸின் முன்னால் நின்றான். மூச்சிரைத்தது.

"மச்சான், படம் இல்ல."

"என்ன மாப்ள?"

"அக்காவ நா எடுக்கவே இல்ல. புதுக் காமிரா வாங்குறதுக்கு அளவு பாத்தேன். பட்டுச் சேலையோட ஒரு மணி நேரம் வெயில்ல நிக்க வச்சு, வெறும் அளவு பாத்தேன்."

"பெறகு அவ எதுக்கு..." என்று ஆரம்பித்த ஆரோக்கியதாஸ் நிறுத்திக்கொண்டார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவியின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். அவள் நெற்றியில் உட்கார்ந்த ஈயைக் கையால் விரட்டினார். பிறகு, பவுல்ராஜைப் பார்க்காமலே, "எடுங்க பாய்" என்றார்.

அக்பர் அலி கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "மொகம் படத்துல விழுகல. கட்டில்ல தலமாட்டுப் பக்கம் கொஞ்சம் ஒசரணும். பின்னால ஒருத்தர் குனிஞ்சு தாங்கிக்கிட்டா ஆள் தெரியாது."

பவுல்ராஜ் போய்க் கட்டிலுக்குப் பின்னால் குந்தினான். சட்டத்துக்கடியில் தோளைக் கொடுத்து எழுப்பினான். கால்மாட்டில் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆரோக்கியதாஸ் பக்கத்தில் வந்து நின்றது, அவருடைய பாதங்களை வைத்துத் தெரிந்தது. தலைக்கு மேலே கயிற்றுப் பின்னல் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கட்டில் கனக்கவே இல்லை.

"யாரும் அசையாதீங்க" என்றது அக்பர் அலியின் குரல். பிறகு, "ஆச்சு."

பாதங்கள் விலகின. பெண்கள் கால்மாட்டை விட்டார்கள்.

"எறக்கு மாப்ள" என்றார் ஆரோக்கியதாஸ்.

பவுல்ராஜ் தாங்கிக்கொண்டே இருந்தான்.