இரண்டு மிதி

வண்டி கெட்டுப்போவதற்கு முன்னால் அது ஓட்டுகிறவர் உடம்பில் தெரியும். இருபத்தாறு வருஷமாகக் கார் பழுது பார்க்கிறேன், இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. அதனால் யார் வந்தாலும் நான் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவரையே ஓட்டச் சொல்வேன். என் கண் அவர் கையிலும் காலிலும்தான் இருக்கும்.

அன்று கடைசியாக வந்தவர் ஒரு பல் டாக்டர். ஆயில் மாற்றினால் போதும் என்றார். ஒரு சுற்று போனோம். நேர் சாலையில் மனிதர் ஸ்டியரிங்கை வலது பக்கமாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தோள் வலிக்குதா டாக்டர்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? மூணு மாசமா ஒத்தடம் கொடுக்கிறேன்."

"வண்டி இடது பக்கம் இழுக்குது. நீங்க அதோட மல்லுக்கட்டுறீங்க. ஒத்தடம் சக்கரத்துக்குக் கொடுக்கணும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. காலையிலிருந்து ஏழு வண்டி, இடுப்பு கழன்றுவிட்டது. அவரை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவும்போது மகள் வந்தாள். நாலு மாதமாகச் சாயங்காலம் பட்டறைக்கு நடந்து வந்து, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் காரை வீட்டுக்கு ஓட்டிப் பழகுகிறாள்.

மறுநாள் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட், மூன்றாவது முறை. வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். முதல் இரண்டு முறையும் அதிகாரி அவருடைய வண்டியில் ஓட்டவைத்து ஒரே குறையைத்தான் எழுதினார்: பிரேக் பிடிக்கத் தெரியவில்லை. "அந்த வண்டி சரியில்லப்பா, மிதிச்சா தூக்கிப் போடுது" என்றாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்தே சொன்னேன். மெக்கானிக் மகளுக்குப் பிரேக் போட வராது என்றால் எனக்கல்லவா அசிங்கம். அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

வண்டியில் ஏறினால் நான் கண்ணை மூடிவிடுவேன். அன்று இடுப்பு வலியில் சாய முடியாமல் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அதனால் அவள் கால் கண்ணில் பட்டது. சிக்னல் வந்ததும் ஒரு முறை மிதித்தாள், எடுத்தாள், மறுபடி மிதித்தாள். அடுத்த திருப்பத்திலும் அப்படியே.

"ஏன் ரெண்டு தடவை மிதிக்கிற?"

"பிரேக்குன்னா அப்படித்தானே? சும்மா ஒண்ணு, பிடிக்கிறதுக்கு ஒண்ணு. நீங்களும் அப்படித்தான மிதிப்பீங்க."

அப்படியெல்லாம் இல்லை என்று வாயைத் திறந்தேன். எதிரே ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. பெடலே இல்லாத இடத்தில் என் வலது கால் தானாக இரண்டு முறை மிதித்தது.

மாதாமாதம் பிரேக் ஆயில் குறைவதைப் பார்த்து ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்கலாம் என்று எத்தனை ஞாயிறு தூங்கினேனோ. அடுத்தவன் இப்படிச் செய்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

"ஓரமா நிறுத்து. நான் மெதுவா பட்டறைக்கு ஓட்டுறேன்."

"நாளைக்கு டெஸ்டுப்பா. இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான்."

பின்சக்கரத்தைக் கழற்றினால் உள்பக்கம் முழுக்க ஈரம். பிரேக் ஆயில் போகிற இடத்தில் ரப்பர் நைந்து, ஆயில் வெளியே கசிந்து, குழாய்க்குள் காற்று ஏறியிருந்தது. அதனால்தான் முதல் மிதி அந்தக் காற்றை அமுக்குவதிலேயே போனது. ரப்பரை மாற்றிவிட்டு அவளை இருக்கையில் உட்காரச் சொன்னேன். காற்றை வெளியேற்ற மேலே ஒருவர் மிதிக்க வேண்டும், கீழே ஒருவர் சக்கரத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும்.

"மிதி. பிடிச்சுக்கோ. விடு. மறுபடி மிதி."

ஆயில் குமிழ் குமிழாகத் துப்பியது. பிறகு குமிழ் நின்றது.

"அப்பா, கீழ போக மாட்டேங்குது."

"போகக் கூடாது."

கீழே படுத்திருந்ததால் அவள் முகம் தெரியவில்லை.

"டெஸ்ட் வண்டியில இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "நாலு மாசமா என் காலைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

நான் ஸ்பேனரால் திருகை இறுக்கினேன்.

"அப்போ கூடம்தான் கோணலாப்பா?"

"ஆமாம்மா. என் கூடம்."

இருட்டுவதற்குள் பட்டறைத் தெருவைச் சுற்றச் சொன்னேன். முதல் நிறுத்தத்தில் பழைய மாதிரி அழுத்தி மிதித்தாள், என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. பயந்துபோய் என்னைப் பார்த்தாள். இன்னொரு சுற்று போ என்றேன். பதினோராவது சுற்றில் மெதுவாக, ஒரே மிதியில் நிறுத்தினாள்.

பக்கத்தில் என் கால் மட்டும் இரண்டாவது முறையும் மிதித்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"பழகிடும்பா" என்றாள்.