கரி வாங்காத பட்டறை

அந்தக் கத்திப் பட்டறையில் பன்னிரண்டு வருடம் கரி வாங்கவில்லை. தங்கச்சியின் கோபமே போதுமாக இருந்தது. அவள் இடுக்கியில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அண்ணன் வந்து ஏதாவது சொல்வான், இரும்பு சிவக்கும். "பொண்ணு பாக்க வந்தவங்க ஏன் திரும்பி வரல தெரியுமா? உன் கையப் பாத்துட்டு ஓடிட்டாங்க." இது அவனுடைய காலை வேலை. இன்னொரு வேலை, அவள் அடித்து, இரும்பு இளக்கமாக இருக்கும்போதே நீட்டும் கத்தியில் தன் முத்திரையைக் குத்துவது. மற்றதெல்லாம் அவள்தான்.

முதல் வருடம் கோபத்துக்கு அளவு தெரியவில்லை. இரும்பு வெளுத்துப் பொறிபொறியாகச் சிதறியது, ஒரு தடவை இடுக்கியும் உருகி ஒழுகியது. அடுத்த வருடம் நடுநடுவே அழுதாள். அழுதால் சூடு இறங்கி அலகு கோணிவிடும் என்று தெரிந்ததும் அழுவதை நிறுத்திவிட்டாள். ஐந்தாவது வருடம் எதற்கு எந்தக் கோபம் என்பது பிடிபட்டது. அடித்து நீட்ட அன்றைய ஏச்சே போதும். எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்க, அண்ணன் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய நாளின் நினைப்பு. கடைசியில் இளஞ்சூட்டில் அலகு வைக்கோல் மஞ்சளுக்கு வந்து நிற்க வேண்டும். அதற்குப் பழைய கோபம்தான் சரி. பட்டறை ரெண்டு பேருக்கும் என்று அப்பா சாகும்போது சொன்னதும், அண்ணனுக்கு மட்டும் அது காதில் விழாமல் போனதும். அதை மெல்ல மென்றுகொண்டே இருப்பாள்.

ஏழாவது வருடம் ஓட்டல் சமையல்காரர் சொன்னார்: "தக்காளி மேல வச்சா போதும்ணே, அதுவா எறங்குது." அண்ணன், "எல்லாம் கைப்பழக்கம்" என்றான். அன்று மூன்று அலகுகள் தீய்ந்தன.

ஒரே ஒரு கத்தியில் தன் முத்திரை போட்டுக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டது ஐந்து வருடம் கழித்து. "பொம்பள அடிச்ச கத்தின்னா வாங்கறவன் சிரிப்பான்" என்றான். அவள் கேட்டது ஒரு மரியாதைக்கு, அனுமதிக்காக இல்லை. சின்ன மிளகாய் ஒன்றை முத்திரையாகச் செதுக்கி, சமையல்காரர் தமக்கென்று சொல்லியிருந்த பெரிய கத்தியில், இரும்பு இளக்கமாக இருக்கும்போதே குத்தி, பிறகு எண்ணெயில் முக்கினாள்.

சமையல்காரர் வாங்க வந்த அன்றுதான் அண்ணன் மிளகாயைப் பார்த்தான். அவர் கண்ணெதிரே தன் முத்திரையை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தான். முக்கியெடுத்த அலகில் முத்திரை குத்தினால் உடையும் என்பது பட்டறைப் பூனைக்கும் தெரியும். பன்னிரண்டு வருடம் குத்த மட்டுமே வந்தவனுக்கு மறந்து போயிருந்தது. கத்தி மூன்று துண்டானது. சமையல்காரர் துண்டுகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளா இத யாருண்ணே செஞ்சது?"

தங்கச்சி இடுக்கியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனாள். அண்ணன் கரி வாங்கினான். அவன் செய்த கத்தி பழுத்த பழத்தை நசுக்கியது. ஏச ஆள் இல்லாமல் அவள் சூடு தணிந்துவிடும் என்று ஒரு மாதம் காத்திருந்தான். தகரம் சிவந்துகொண்டேதான் இருந்தது. அண்ணிதான் வழி சொன்னாள்: "போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. தன்னால ஆறிடும்."

அவன் போய்க் கொட்டகை வாசலில் நின்றான். "தப்பு எம்மேலதாம்மா. மனசுல வச்சுக்காத."

அவள் இடுக்கியில் இருந்த அலகு அப்போதுதான் வைக்கோல் மஞ்சளுக்கு வந்திருந்தது. அந்த நிறம் ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுண்ணே. வெளிச்சத்த மறைக்கிற."

அவன் தள்ளி நின்றான். மழை நாட்களில் அந்தத் தெருக்காரர்கள் ஈரத்துணியை அவள் கொட்டகைச் சுவரில்தான் காயப்போடுகிறார்கள். அண்ணியும்தான்.