இறுகிப்போன பிரேக்

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பது அவர் தொழில். யாரோ ஒருவருடைய கொட்டகையில் இருபத்து மூன்று வருடம் கிடந்த பழைய பிரிட்டிஷ் காரை அவர் கட்டியிழுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியபோது, மனைவி துடைப்பத்தை எடுத்து வந்தாள். அவளுடைய அண்ணன்தான் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, இது காரா, எலிப் பொந்தா?”

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். லேத் பட்டறை வைத்திருந்த அவருக்குப் பட்டப்பெயர் ‘சுத்தியல்’. எது மக்கர் பண்ணினாலும் அதுதான் அவர் மருந்து.

முன்பக்க இடது சக்கரம் இம்மியும் சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால், சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கவ்வி நிறுத்துகிற காலிப்பர் துருவேறி இறுகிக் கிடந்தது. தட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். உள்ளே எதிரெதிராக இரண்டு பிஸ்டன். துரு கரைக்கும் எண்ணெயில் ஊறவைத்தார்கள். இடுக்கியால் முறுக்கினார்கள். சுத்தியல் தட்டினார், அடித்தார், கடைசியில் மொத்தினார். ம்ஹூம்.

“இது இந்த ஜென்மத்துல வராது. தூக்கிப் போடுங்க.”

“அடிச்சா வராது மச்சான். பிரேக் ஆயில் உள்ளேருந்து தள்ளுனாத்தான் வரும்.”

பிரேக் பெடல் பக்கத்து வேலையை லென்ஸ்காரர் முந்தின வாரமே முடித்து, புது ஆயில் நிரப்பியிருந்தார். காலிப்பரை அதன் ஆயில் குழாயைக் கழற்றாமலே ஒரு பலகைமேல் வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். “உள்ள உக்காந்து பிரேக்கை மிதிம்மா.”

சுத்தியலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இவளா? நாப்பத்திரெண்டு கிலோ! எடை மிஷின்ல ஏறுனா முள்ளே அசையாது.”

“நீ பேசாம பலகையிலேருந்து கையை எடு அண்ணா,” என்று சொல்லி அவள் மிதித்தாள்.

ஒரு பிஸ்டன் சற்று நகர்ந்தது. அதைக் கிளாம்ப் போட்டு அசையாமல் பிடித்துவிட்டார் லென்ஸ்காரர். இனி அழுத்தமெல்லாம் மற்றதன்மேல். அவள் மிதித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தாள்.

“விடாத, அப்படியே அழுத்து,” என்றார் கணவர்.

‘டக்’கென்று ஒரு சத்தம்.

பிஸ்டன் ஒரு காகிதக் கனம்தான் வெளியே வந்திருந்தது. பிறகு ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமே இல்லாமல், அது வெளியே வந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை, யாரும் இழுக்கவில்லை. சுத்தியல் தரையில் மண்டியிட்டுவிட்டார். விளிம்பில் செங்கல் நிறத் துரு. அதற்குப் பின்னால், இத்தனை வருடம் இருட்டில் ஆயிலுக்குள் கிடந்த இரும்பு, கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. கடைசி மிதியில் ஆயிலோடு பலகையில் உருண்டது. சுத்தியல் அதைத் துடைத்து உள்ளங்கையில் ஏந்தினார். அதில் அவர் முகமே தெரிந்தது.

அவள் இறங்கி ஓடி வந்தாள். “வந்துடுச்சா? நான் ஒண்ணும் பெருசா மிதிக்கலையே!” என்று தன் காலையே பார்த்தாள்.

“உன் மிதிதான் குழாய் வழியா வந்து இங்க பல மடங்காகுது,” என்றார் கணவர். “புத்தகத்துல படிச்சிருக்கேன். கண்ணால பாக்குறது இன்னைக்குத்தான்.”

அண்ணன் பிஸ்டனைத் துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்தார். பிறகு காரின் மறுபக்கத்தை எட்டிப் பார்த்தார்.

“வலது பக்கமும் இதே மாதிரி இறுகித்தானே இருக்கும்? அதுக்கு நான் மிதிக்கட்டுமா?”

“மிதி,” என்றாள் தங்கை. “ஆனா செருப்பைக் கழட்டிட்டு ஏறு.”