வேன் எங்கே?

மதிய இடைவேளையில் லேபில் யாரும் இல்லை. டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் செய்த ஆப்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பெற்றோர் முன்னால் டெமோ. நூலகத்தில் புத்தகம் தேடும் ஆப்பில் தேடுகிற பொத்தானே வேலை செய்யவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லும் ஆப், போதும் என்று சொன்ன பிறகும் விருந்துக்கு வந்த அத்தையைப் போல வற்புறுத்திக்கொண்டே இருந்தது. எங்கே தப்பு என்று சின்னச் சீட்டுகளில் எழுதி, அந்தந்தப் பிள்ளையின் கணினித் திரையோரத்தில் ஒட்டினாள். கடைசியாக 'வேன் எங்கே?' என்ற ஆப்பைத் திறந்தாள்.

அதைச் செய்தவள் அவசரம். டீச்சர் வைத்த பெயர்தான். கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் விரல்கள் கீபோர்டில் பாதி தூரம் ஓடியிருக்கும். பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் தங்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம், வேன் பள்ளி வாசலுக்கு வந்ததும் எல்லோருக்கும் செய்தி போகும் என்பது அவளுடைய யோசனை. வேன் ஓட்டுபவன் டீச்சரின் கணவன். பிள்ளைகளுக்கு வேன் மாமா. அவன் கைபேசியில் ஆப்பை ஏற்றிக் கொடுத்து, "கிளம்பும்போது 'தொடங்கு', இறங்கும்போது 'முடி'. அவ்வளவுதான் மாமா, இதுலயும் குழப்பிடாதீங்க" என்று அவனுக்கே பாடம் எடுத்தவள் அவள்.

அவள் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்த டீச்சர் ஓரிடத்தில் சிரித்துவிட்டாள். அவசரம் அவசரம்தான். 'முடி' என்று அழுத்தினால் பொத்தானின் நிறம் மட்டும் மாறியது. இருப்பிடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதை நிறுத்தும் வரியை அவள் எழுதவே இல்லை. புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. எதையும் தொடங்கச் சொல்லிக்கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள், நிறுத்துவது மறந்துபோகும். வேன் நின்ற பிறகும் அந்தக் கைபேசி போகுமிடமெல்லாம் பதிவாகிக்கொண்டே இருக்கும். ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்ப்பதற்கு முன், எதுவரை பதிவாகியிருக்கிறது என்று மேப்பைத் திறந்து பார்த்தாள்.

நீலப் புள்ளி அசையாமல் நின்றது. காலைச் சவாரி முடிந்ததும் வொர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குவதாகத்தான் அவன் சொல்வான். புள்ளி வொர்க்‌ஷாப்பைத் தாண்டி, ஒரு தெருவின் கடைசி வீட்டில் இருந்தது. அந்த வீட்டை அவளுக்குத் தெரியும். ஒரு மழை நாளில் அவசரத்தை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறாள். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு ஓடிவந்த அவளுடைய அம்மா, "நனைஞ்சுட்டீங்களே மிஸ், உள்ள வாங்க" என்று சொந்தத் தங்கைபோல் தலையைத் துவட்டிவிட்டாள். அறை முழுக்கத் துணியும் நூலும். தையல் மெஷினை ஒதுக்கித்தான் நாற்காலி போட்டாள்.

முந்தைய நாளின் பதிவைத் தட்டினாள். அதற்கும் முந்தைய நாளை. ஒவ்வொரு நாளின் கோடும் பள்ளியில் புறப்பட்டு, வொர்க்‌ஷாப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதே கூரைக்குள் போய், சாயங்காலச் சவாரி வரை அங்கேயே நின்றது. போன மாதம் அவன் சட்டைக் கை கிழிந்திருந்தது நினைவுக்கு வந்தது. மறுநாளே தையல் தெரியாத அளவுக்கு அழகாக மூடியிருந்தது. நானே தைத்தேன் என்றான். அவள் அதை நம்பி, ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லி, மற்றவர்கள் தங்கள் கணவன்மாரைத் திட்டும்படி செய்திருந்தாள்.

கதவு படாரென்று திறந்தது. அவசரம் தன் திரையின் நான்கு ஓரங்களையும் தடவிப் பார்த்தாள்.

"மிஸ், எனக்கு மட்டும் சீட்டே இல்ல?"

"இல்ல."

"அப்ப பக்கே இல்லையா, ஒரு தப்புகூடவா? விளையாடாதீங்க மிஸ். இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எங்கப்பா லீவு போட்டுட்டு வர்றாரு. பஸ்ஸ விட்டு இறங்கி நேரா இங்கதான். என் மானம் போயிடும்."

"அம்மா வரலையா?"

"அவங்களுக்குத் தைக்கிற வேலை தலைக்கு மேல இருக்காம். அப்பா பாத்தா நான் பாத்த மாதிரிதான்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பெண்ணின் கன்னத்தில் பேனா மை ஒட்டியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் டீச்சர் கைக்குட்டையால் துடைத்துவிட்டிருப்பாள். தனக்கொரு மகள் இருந்தால் இப்படித்தான் மையும் கையுமாக இருப்பாள் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். நிறுத்தும் வரி வரவேண்டிய காலி இடத்தில் கர்சர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. டீச்சர் கணினியை அணைத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. நாளைக்கு நீதான் கடைசி. நல்லதக் கடைசிலதான் காட்டணும்."

வீட்டில் அன்று கணவன் காய் நறுக்கிக் கொடுத்தான். "டீச்சரம்மா, நாளைக்கு உன் பிள்ளைங்க என்னை வச்சு என்ன வித்தை காட்டப் போறாங்க?" என்றான். சற்றுப் பொறுத்து, நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டான். "அந்த பட்டன அமுக்கினாத்தான அது என்னைப் பாக்கும்?"

"ஆமா."

"முடின்னு அமுக்கிட்டா?"

"அதோட முடிஞ்சுது."

அவன் தலையாட்டிக்கொண்டான். துண்டுகளெல்லாம் ஒரே அளவில் இருந்தன.

மறுநாள் அரங்கு நிரம்பியிருந்தது. பெற்றோர் எல்லோரும் கைபேசியில் ஆப்பை ஏற்றிக்கொள்ள டீச்சரே வரிசை வரிசையாகப் போய் உதவினாள். அவசரத்தின் அப்பா முதல் வரிசையில், பயணப் பையைக் கால்களுக்கிடையில் வைத்து உட்கார்ந்திருந்தார். சட்டையில் மடித்த கோடுகள் அப்படியே இருந்தன. "எல்லாம் உங்க புண்ணியம் மிஸ்" என்று எழுந்து கும்பிட்டார். மகள் மேடையேறியதும் கைபேசியை உயர்த்தி வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

அவசரம் மூச்சுவிடாமல் பேசினாள். காலைச் சவாரியின் கோடு திரையில் ஓடியது, கைதட்டல். இறங்கப் போனவளை டீச்சர் தடுத்தாள்.

"இப்ப வேன் எங்க இருக்குன்னு காட்டும்மா."

"இப்பவா மிஸ்? இப்ப ஆஃப்ல இருக்கும்."

"தட்டித்தான் பாரேன்."

தட்டினாள். திரையில் நீலப் புள்ளி தெரிந்தது. அவள் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், பிறகு குதித்தாள். "ஐ, எங்க வீடு! அப்பா, நம்ம வீடுப்பா!"

அரங்கு சிரித்தது. பின்வரிசையில் ஓர் அம்மா, "அவங்கம்மா தையல்ல கெட்டிக்காரி. சட்டை தைக்கக் குடுக்கப் போயிருப்பாரு" என்றாள். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டு கலைந்துவிட அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. டீச்சர் மைக்கை எடுத்தாள்.

"அவர் சட்டைய அவரே தைச்சுக்குவாரு. நேத்தைக்குக் காட்டும்மா."

அவசரம் காட்டினாள்.

"முந்தாநாள்? அதுக்கு முன்னாடி?"

கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, அந்த வீட்டு வாசலில் தடித்துக்கொண்டே போயின. சிரிப்பு எங்கோ நடுவில் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் கையிலிருந்த தாளை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். அப்பாவின் கை மட்டும் உயர்த்திய இடத்திலேயே இருந்தது.

"இது ஏன் வந்துச்சு? சொல்லு" என்றாள் டீச்சர், வகுப்பில் கேட்கிற அதே குரலில்.

"நிறுத்துறது போடல மிஸ்." பெண்ணின் குரல் உள்ளே போயிருந்தது.

"கேட்டுக்குங்க. இதுதான் பிள்ளைங்க எல்லாரும் பண்ற தப்பு. முடிச்சுட்டோம்னு நினைப்பாங்க. அது பாட்டுக்கு நடந்துட்டே இருக்கும்."

ஒரு வரியில் சிக்கிக்கொண்டால் பார்ப்பதுபோல் அவசரம் அவளைப் பார்த்தாள். எப்போதும் அந்தப் பார்வைக்கு ஒரு துப்பாவது கிடைக்கும். பிறகு மெதுவாக, அவளுக்குப் பழக்கமே இல்லாத நிதானத்தோடு, கேட்டாள்.

"நேத்து பக் இல்லன்னு சொன்னீங்களே மிஸ்?"

டீச்சர் மைக்கை மேசையில் வைத்தாள். அது உருண்டு கீழே விழப்போனது. யாரும் பிடிக்கவில்லை, விளிம்பில் தானாகவே நின்றது.

திரையில் புள்ளி அசைந்தது. சாயங்காலச் சவாரிக்கு நேரமாகியிருந்தது. யார் மடியிலோ இருந்த குழந்தை, "வருது, வருது!" என்று கத்தியது, அதன் வாயைப் பொத்தினார்கள். புள்ளி அந்தத் தெருவைவிட்டு வெளியே வந்தது. வொர்க்‌ஷாப்பைத் தாண்டியது. சிக்னலில் சமர்த்தாக நின்றது, மறுபடி கிளம்பியது. திரையை மூடும் பொத்தான் அவசரத்தின் விரலுக்கடியில்தான் இருந்தது. அவளும் மற்றவர்களைப் போலப் பார்த்துக்கொண்டே நின்றாள். புள்ளி பள்ளித் தெருவுக்குள் திரும்பியது. வாசலில், பிள்ளைகளுக்குப் பழக்கமான அந்த இரண்டு சின்ன ஹாரன் சத்தம்.

அரங்கிலிருந்த அத்தனை கைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன. அப்பாவின் கைபேசி இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் மேலிருந்து ஒரு செய்தி இறங்கி வந்து மகளின் முகத்தை மறைத்தது. சிரிக்கிற வேன் ஒன்றை அவளே வரைந்து அதன் பக்கத்தில் வைத்திருந்தாள். 'வேன் மாமா வந்துட்டார்!'