நசியாத தேசிக்காய்

கார் வாங்கியவனுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தால் ஊர் மன்னிக்கும். கோகுலனுக்குப் பிடித்ததோ அதன் சக்கரத்தில் பூட்டுகிற ரயர்மேல் பைத்தியம். கார்த்திகை மாதம், ரொறன்ரோவில் பனி கொட்டத் தொடங்குகிற நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரன் மலிவாகத் தள்ளிவிட்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அவன் வாங்கினான். இரண்டு கதவு. நிலத்தோடு ஒட்டிய உயரம். இறங்குவதென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். ரயர்கள் மட்டும் தேய்ந்து மொட்டையாக இருந்தன. அந்த மனிதன் ஏன் கார்த்திகையில் விற்றான் என்று யோசிக்கிற மூளை கோகுலனுக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவனுக்கு வேறு யோசனை இருந்தது. மில்லிக்கனில் இருக்கும் தியாகலிங்கத்தாரின் மகள் சாம்பவியின் சாதகக் குறிப்பு அவனுடைய குறிப்போடு பொருந்தியிருந்தது. தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இரண்டு வீட்டாரும் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதாக ஏற்பாடு. தற்செயல் என்பதால் எத்தனை மணிக்கு, எந்தச் சந்நிதியில் என்பதெல்லாம் தொலைபேசியில் பேசி முடித்தாயிற்று. பெண்ணின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து கோகுலனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு ‘ஓம்’ சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டும். அவள் விட்பியில் வேலை செய்கிறாள், தானே கார் ஓட்டித் தினமும் போய்வருகிறாள் என்று அம்மா சொன்னதும் அவன் முடிவு கட்டிவிட்டான். கார் ஓட்டுகிற பெண், முதலில் ரயரைத்தான் பார்ப்பாள். அந்த ஒரு விடயத்தில் மட்டும் அவன் பிழை விடவில்லை.

வெக்ஸ்போர்ட்டில் ரயர்க் கடை வைத்திருந்த சீமோன் அண்ணை மூன்று ரயர்களை எடுத்து நிறுத்தினார். ஒன்று பனிக்கு, ஒன்று எல்லாக் காலத்துக்கும், ஒன்று வெயிலுக்கு மட்டும்.

“இது உழவு மெஷின்ர சில்லு மாதிரிக் கிடக்கு அண்ணை,” என்று பனி ரயரை ஒதுக்கினான் கோகுலன். “மற்றது அங்கிள்மாரின்ர வானுக்குப் போடுறது.”

மூன்றாவதைக் கண்டதும் அவன் குரலே மாறிவிட்டது. நல்ல அகலம். கன்னங்கரேலென்று மினுங்கியது. அம்பு அம்பாக வெட்டு. ஓரத்தில் இருந்த ஓர் எழுத்துக்கு, மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாங்கும் என்று பொருளாம். வேலைக்குப் போகும் நெரிசலில் கோகுலன் நாற்பதைத் தாண்டியதே கிடையாது. அதனால் என்ன? தாங்கும் என்று தெரிந்தால் போதாதா?

“தம்பி, திறம் ரயர்தான், பிழை சொல்லேலாது,” என்றார் சீமோன். “ஆனால் உது குளிர் பட்டால் கல்லாப் போடும். பனியில பிடிக்காது. வைகாசியில வா, நானே பூட்டி விடுறன்.”

“நான் பொம்பிளை பாக்கப் போறன் அண்ணை.”

“பொம்பிளை உன்னைப் பாக்குமோ, ரயரைப் பாக்குமோ?”

“ரயரை.”

சீமோன் தலையில் கை வைத்தார். எடுத்துச் சொல்லிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். கோகுலன் ஒற்றைக்காலில் நின்றான். அவரும் வியாபாரிதானே, விற்றுவிட்டார்.

உடனே பூட்டக் கோகுலனின் தாய் கோணேஸ்வரி விடவில்லை. “மார்கழியில ஆரும் புதுச் சாமான் பூட்டுவினமே? தை பிறக்கட்டும் மகன்.” அதனால், வெயிலுக்கென்று செய்த ரயர்கள், ரொறன்ரோவின் குளிர் உச்சத்துக்கு ஏறும்வரை வரவேற்பறையில் காத்திருந்து, கோயிலுக்குப் போவதற்கு முதல் நாள் சுபநேரத்தில் பூட்டப்பட்டன. கோணேஸ்வரி கையோடு வாகனப் பூசைக்கும் சொல்லிவிட்டாள். சம்பந்தி வீட்டார் பார்க்கட்டுமே! மறந்துவிடக்கூடாது என்று, சில்லேற்றி நசிக்க நான்கு எலுமிச்சங்காய் போட்ட தேசிக்காய்ப் பையை அன்று மாலையே கார் டிக்கிக்குள் வைத்தும்விட்டாள்.

கோயில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, ஒரு கம்பளக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. பெருந்தெருக்களில் உப்புப் போட்டிருந்தபடியால் கோகுலன் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்துவிட்டான். கார் நிறுத்துமிடத்தில் உப்பும் இல்லை, மண்ணும் இல்லை. நிலம் கண்ணாடியாக உறைந்திருந்தது. வேட்டிக்கு மேல் தடித்த ஜக்கற்றும் காலில் பனிச் சப்பாத்துமாக ஐயர் வந்து, பற்கள் கிடுகிடுக்க மந்திரத்தைச் சுருக்கி, நான்கு சில்லுகளுக்கும் முன்னால் தேசிக்காய்களை வைத்தார். அவை நிலத்தில் பட்டபோது ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. தியாகலிங்கத்தார் மனைவியோடு ஓரமாக நின்றார். சாம்பவி கழுத்துத் துண்டுக்குள் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு குனிந்து ரயரைப் பார்த்தாள். கோகுலனின் நெஞ்சு நிறைந்துவிட்டது.

“எடுங்கோ தம்பி,” என்றார் ஐயர்.

கோகுலன் மிதித்தான். எஞ்சின் சிங்கமாகக் கர்ஜித்தது. பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. உறைந்து இறுகிப் போயிருந்த தேசிக்காய்களைத் தாண்ட அந்தக் காரால் முடியவில்லை. இன்னும் மிதித்தான். காரின் பின்பக்கம் மெல்லத் திரும்பி, அப்படியே முழுக்காரும் வழுக்கிப் போய், ஓரத்துப் பனிக்குவியலில் சொருகிக்கொண்டது. நான்கு தேசிக்காய்களும் ஒரு கீறல்கூட இல்லாமல் நிலத்தில் கிடந்தன.



“தேசிக்காய் நசியேல்லை,” என்றார் தியாகலிங்கத்தார், மனைவிக்குச் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்க. “சகுனம் வடிவில்லை.”

“அண்ணை, உது அந்தச் சீமோன் செய்த வேலை!” என்று பதறினாள் கோணேஸ்வரி. “பிள்ளையை ஏமாத்தி, கூடாத ரயரைத் தள்ளி விட்டிட்டான்.”

கோகுலன் காரிலிருந்து தவழ்ந்து இறங்கினான். கை கொடுக்க யாருமில்லை. எல்லாம் முடிந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. அம்மா சொன்னதற்குத் தலையாட்டினால் மானமாவது மிஞ்சும். ஆனால் சாம்பவி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லை அங்கிள்,” என்றான். “அவர் வேண்டாமெண்டுதான் சொன்னவர். வடிவாக் கிடக்கெண்டு நான்தான் எடுத்தனான்.”

“மைனஸ் இருபது டிகிரிக் குளிருக்குள்ள வெயில் ரயரோ?” என்று சாம்பவி கேட்டாள்.

“ஓம். நீங்கள் ரயரைப் பாப்பீங்கள் எண்டு நினைச்சன்.”

சாம்பவி சிரித்தாள். வாய்விட்டு, கழுத்துத் துண்டு அவிழ்ந்து விழும்படி சிரித்தாள். பிறகு தன் காரை நோக்கி நடந்தாள். துருப்பிடித்த பழைய கார், ஒரு கதவு வேறு நிறம். நான்கிலும் உழவு மெஷின் சில்லு. அதைக் கிளப்பி, வளைத்து எடுத்து, நேராகத் தேசிக்காய்களின் மேல் விட்டாள். முன்னுக்குக் கிடந்த சோடி ‘படார்’ என்றது. பின்னால் கிடந்த சோடியும் ‘படார்’ என்றது.

“நசிஞ்சிட்டுதுதானே அப்பா?” என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

தியாகலிங்கத்தார் ஐயரைப் பார்த்தார். ஐயருக்குக் குளிர் எலும்புவரை போயிருந்தது. “நசிஞ்சது நசிஞ்சதுதான்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தட்டோடு உள்ளே ஓடினார்.

“ஏறுங்கோ,” என்றாள் சாம்பவி.

கோகுலன் பழக்க தோசத்தில் சாரதிப் பக்கம் போனான்.

“இதில நானெல்லோ இருக்கிறன். அங்கால சுத்தி வாங்கோ.”

சுற்றிப் போய் ஏறினான். பின் சீற்றில் கோணேஸ்வரி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து, கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள்.

“எங்க போறம்?” என்று கேட்டான்.

“சீமோன் அண்ணையின்ர கடைக்கு. இனிமேல் ரயர் தெரிஞ்செடுக்கிற வேலை என்ர.”

கோகுலன் சீற் பெல்ற்றைக் கட்டிக்கொண்டான். அந்தப் படத்தைப் பார்த்த நாளுக்குப் பிறகு, முதல்முறையாக அவனுக்குப் பசித்தது.