முப்பது நாள் நோட்டு

வீட்டுச் சாதனங்கள் செய்யும் கம்பெனியில் நான் வடிவமைப்பாளன். எங்கள் மேலாளர் அம்மையாரிடம் ஒரு விதி உண்டு. சமையலறையைச் சுத்தம் செய்யப் புதுச் சாதனம் யோசிப்பவர், முதலில் முப்பது நாள் தன் வீட்டுச் சமையலறையைத் தன் கையாலேயே துடைத்து, எத்தனை நிமிடம் ஆயிற்று, எங்கே சிரமம் என்று நோட்டில் எழுத வேண்டும். அப்புறம்தான் படம் வரையலாம்.

நான் யோசித்தது அடுப்பு மேடையைத் தானே துடைக்கும் ஒரு குட்டி இயந்திரம். ஒரு முனையில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கை வழித்துக்கொண்டே மறுமுனைக்கு ஊர்ந்து போகும். நல்ல யோசனைதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் முப்பது நாளும் மேடையைத் துடைத்தது என் மனைவி. நான் சாப்பாட்டு மேசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, செல்போனில் நேரம் பார்த்து எழுதினேன். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன்.

நோட்டைப் படித்த மேலாளர் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். "இந்த ஆபீஸ்ல எந்த ஆம்பளையும் இவ்வளவு நுணுக்கமா எழுதினதில்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நானும் கொஞ்சமும் கூசாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மாதிரி இயந்திரத்தை என் வீட்டிலேயே சோதித்துவிட்டு, அங்கேயே தயாரிப்புக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இயந்திரமும் நோட்டுமாக வந்துவிட்டார். சமையல் அப்போதுதான் முடிந்து மேடை அலங்கோலமாகக் கிடந்தது.

"பாதி மேடைய நீங்க துடைங்க, மீதிய மெஷின் துடைக்கட்டும். தினமும் செய்யற வேலைதானே!"

துணி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சிங்க்குக்கு அடியில் இருந்த கதவைத் திறந்தேன், குப்பைக்கூடை. மேல் அலமாரியில் டீத்தூள். இழுப்பறையை இழுத்தேன், கரண்டிகள் கலகலத்தன. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அடடா, நேத்துதான் இடத்த மாத்தினேன், சொல்ல மறந்துட்டேன்" என்று ஜன்னல் கம்பியில் தொங்கிய துணியை எடுத்து நீட்டினாள். அந்தக் கம்பியில் துணி தொங்கிய இடம் மட்டும் பல மாத ஈரத்தில் துருப்பிடித்திருந்தது. மேலாளரும் அதைப் பார்த்தார்.

"முப்பது நாளும் இவர்தான் துடைச்சாராம்மா?"

"ஆமாங்க. என்னைக் கிட்டயே விடல."

அவள் அதைச் சிரித்தபடி சொன்னாள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. என் பொய்யை நான் சொல்லும்போது எனக்கு வலிக்கவே இல்லை, அதை அவள் சொன்னபோது நிற்க முடியவில்லை.

"இல்ல மேடம். நான் ஒரு நாள்கூடத் துடைக்கல. எல்லாம் இவதான்."

மேலாளர் கையெழுத்துக்காகத் திறந்து வைத்திருந்த பேனாவை மூடிப் பையில் போட்டார். நோட்டை மேடைமேல் வைத்துவிட்டு, இயந்திரத்தோடு படியிறங்கிப் போனார்.

"போனாப் போகுது, விடுங்க" என்றாள் மனைவி. கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்துப் புரட்டினாள். நான் தடுத்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் நின்று, வாய்விட்டுப் படித்தாள்.

"பதினேழாம் நாள். இடுப்பு வலி தாங்கவில்லை. இரண்டு முறை சுவரில் சாய்ந்து நின்றேன்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்போ எனக்கு வலிச்சத நீங்க பாத்துட்டுதான் உக்காந்திருந்தீங்க" என்றாள்.